அத்தியாயம் 7: ஒரு விலங்கு, ஓர் ஆயுதம், ஒரு கடதாசிக் களம்

விசித்திர விலங்குகளை வேட்டையாடி, அவற்றின் பல்லும் செதிலும் கொண்டு வேட்டைக்காரன் தன் ஆயுதங்களைத் தானே ஆக்கிக்கொள்ளும் கணினி விளையாட்டைப் படைக்க விரும்பும் வாசகர், கணினியைத் திறப்பதற்கு முன்னரே தம் விலங்கையும் ஆயுதத்தையும் கடதாசியிலும் பகடையிலும் ஓட விட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பது இவ்வத்தியாயத்தின் நோக்கம்.

இவ்வகை விளையாட்டுக்கு இலக்கணம் வகுத்தது, ஜப்பானின் கெப்கொம் நிறுவனம் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட மான்ஸ்டர் ஹண்டர். அதன் 2018ஆம் ஆண்டுப் பதிப்பான மான்ஸ்டர் ஹண்டர் வேர்ல்ட் 2 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்பனையாகியிருக்கிறது. அதில் வேட்டைக்காரனின் சரீரபலம் அனுபவத்தால் உயர்வதில்லை. வீழ்த்திய விலங்கின் உறுப்புகளைப் பட்டறைக்குக் கொண்டுசென்று ஆக்கிக்கொண்ட ஆயுதமும் கவசமுமே அவனுடைய வளர்ச்சி. வேட்டை, பொருள், பட்டறை, முன்னிலும் கடினமான வேட்டை என்னும் இந்தச் சக்கரம் தடையின்றிச் சுழலுமானால் உங்கள் விளையாட்டுக்கு உயிர் உண்டு. ஓரிடத்தில் சிக்கினால், எத்தனை அழகிய சித்திரங்களும் அதைக் காப்பாற்றமாட்டா.

கண்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வசிக்கும் இளைஞர்கள் இத்துறையில் இறங்கும்போது, தம் முதல் விலங்காக ஐரோப்பியப் பறவைநாகத்தையே வரையத் தொடங்குவது, வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதை ஒக்கும். யானையையும் சிங்கத்தையும், பறவையையும் மீனையும் ஓருடலாகப் பொருத்தி, அப்பொருத்தம் காண்பவர் கண்ணுக்கு இயற்கையாகவே தோன்றும்படி செய்யவல்ல சிற்பிகளின் வேலை, நகரத்திலிருந்து அரை நாளில் சென்று காணக்கூடிய தூரத்தில் இருக்கிறது. ஆகவே, அங்கிருந்தே தொடங்குவோம்.

தேவையான பொருள்கள்

கோடில்லாத கொப்பி ஒன்று, பென்சில், அழிப்பான், தடித்த அட்டை, கத்தரிக்கோல், பிளேடு, இரும்பு அடிமட்டம், ஆறுமுகப் பகடை ஒன்று, அடையாளக் காய்களாகப் பயன்படுத்தப் புளியங்கொட்டையோ சட்டைப் பொத்தானோ ஒரு கைப்பிடி. இவற்றுக்கு மேல் இக்கட்டத்தில் வேறெதுவும் வாங்கவேண்டாம்.

முதலாவது வேலை: நேரில் சென்று பார்த்தல்

கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் பேருந்தேறிப் பிலிமத்தலாவையில் இறங்கினால், கடலாதெனிய விகாரை, லங்காதிலக்க விகாரை, எம்பெக்கே தேவாலயம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் கண்டு திரும்பலாம். நடக்க வல்லவர்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே செல்லலாம். இயலாதவர்கள் முச்சக்கர வண்டி பிடித்துக்கொள்வது நலம்.

1. கடலாதெனியவில் கல்லை முதலில் பாருங்கள். 1344ஆம் ஆண்டைச் சேர்ந்த இவ்விகாரையைக் கட்டியவர் கணேசுவராச்சாரி என்னும் தென்னிந்திய ஸ்தபதி. தமிழகக் கோயில்களைக் கண்டு பழகிய கண்ணுக்கு இதன் தூண்களும் வரிகளும் உடனே பரிச்சயமாகிவிடும்.

2. அதே காலத்தில் எழுந்த லங்காதிலக்கவில், வாயிலின் மேல் வளைந்து நிற்கும் மகர தோரணத்தின் முன் நிதானமாக நில்லுங்கள். அம்மகரத்தின் துதிக்கை எங்கே முடிகிறது, தாடை எங்கே தொடங்குகிறது, உடல் வாலாக மாறுவது எவ்விடத்தில் என்பவற்றை மட்டும் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். இவ்விகாரைப் பாறையில் சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் பொறிக்கப்பட்டிருப்பதைத் தமிழ் வாசகர் பார்க்காமல் திரும்பக் கூடாது.

3. மிகுதியான நேரத்தை எம்பெக்கேக்கு ஒதுக்குங்கள். கதிர்காமக் கடவுளுக்குரிய இத்தேவாலயம், 14ஆம் நூற்றாண்டில் கம்பளையை ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகு காலத்தது என்பதும், அதன் மரச்சிற்பங்கள் தெல்மட மூலாச்சாரியின் கைவண்ணம் என்பதும் மரபு. மேளகாரர் மண்டபமாகிய திக்கெயின் மரத்தூண்களில், இருதலைப் பறவை, பின்னிய அன்னங்கள், மல்லர்கள், சிங்கம், குதிரை வீரன் எனப் பல உருவங்கள் சதுரம் சதுரமாகச் செதுக்கப்பட்டுள்ளன.

4. ஒவ்வொரு தலத்திலும் மூன்று உருவங்களை மட்டும் வரைந்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும் வரைய முற்படுபவர் ஒன்றையும் பார்ப்பதில்லை. புகைப்படம் எடுப்பதாயின் அனுமதி கேட்டு எடுங்கள். ஆனால் படமெடுத்த உருவத்தையும் கையால் ஒருமுறை வரையுங்கள்.

நகரத்தை விட்டு நீங்க இயலாதவர்கள், தலதா மாளிகை வளவிலுள்ள மகுல் மடுவத்தின் செதுக்குத் தூண்களையும், பழைய பல்லே வாசலில் இயங்கும் தேசிய நூதனசாலையையும் காணலாம். யாளி தேடுவோர் தம் ஊர்க் கோயிலின் தூண்களையும் வாகனங்களையும் ஒருமுறை புதுக்கண் கொண்டு நோக்கட்டும். நூல்வழி அறிய விரும்புவோர்க்கு, ஆனந்த குமாரசுவாமி கண்டிக் கைப்பணிகளை ஆராய்ந்து 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் இன்றும் ஒப்பற்ற துணை.

*குறிப்பு:* விகாரைகளிலும் தேவாலயங்களிலும் காலணியையும் தொப்பியையும் கழற்றிவிடுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை அணியுங்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படமெடுக்காதீர்கள். சிற்பத்தின் மேல் கடதாசி வைத்து பென்சிலால் தேய்த்துப் படியெடுக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. பல நூற்றாண்டுகள் மழையையும் கரையானையும் தாங்கி நின்ற மரம் அத்தகைய தேய்ப்பைத் தாங்கவேண்டிய அவசியமில்லை. அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

இரண்டாவது வேலை: சரீரத்தை வகுத்தல்

எம்பெக்கேச் சிற்பி தம் விலங்கை ஒரு சிறு சதுரத்துக்குள், அரையிருள் படிந்த மண்டபத்தில், நடந்து செல்பவர் ஒரு நோக்கிலேயே இன்னதென்று அறியும்படி செதுக்க வேண்டியிருந்தது. உங்கள் நிலைமையும் அதுவே. விளையாடுபவருக்கு உங்கள் விலங்கைப் பார்க்கக் கிடைப்பது பல சமயங்களில் அரை விநாடிதான். எனவே சதுரத்திலேயே வரையுங்கள்.

1. ஐந்து சென்றிமீற்றர்ச் சதுரம் ஒன்றைக் கீறி, விலங்கின் பக்கத்தோற்றத்தை அதில் நிரப்புங்கள்.

2. உள்விவரம் அனைத்தையும் விட்டு, உருவம் முழுவதையும் கறுப்பாகத் தீட்டுங்கள்.

3. அதனை அறையின் மறுகோடியில் ஒட்டிவைத்து, வீட்டிலுள்ள ஒருவரிடம் தலை எது, வால் எது, எதைக் கண்டு அஞ்சவேண்டும் என்று கேளுங்கள். மூன்றில் ஒன்றுக்கு விடை தவறினாலும் மீண்டும் வரையுங்கள்.

4. பின்னர் ஒவ்வோர் உறுப்புக்கும் நேராக நான்கு வினாக்களுக்கு விடை எழுதுங்கள்: இது என்ன செய்கிறது? செய்வதற்கு முன் எவ்வாறு அறிவிக்கிறது? உடைந்தால் விலங்கு எதை இழக்கிறது? உடைத்தவனுக்கு என்ன கிடைக்கிறது?

நான்காவது படியே இவ்வத்தியாயத்தின் உயிர்நிலை. விலங்கின் சரீரமே அவ்விளையாட்டின் விதிநூல் என்பது என் உறுதியான அபிப்பிராயம். உடலைப் பார்த்து அறியமுடியாத விதியை எழுத்தால் விளக்க நேர்ந்தால், அவ்விதியையோ உடலையோ மாற்றவேண்டும் என்றே கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு, மகாவலிக் கரையில் வாழும் ஒரு மகரத்தை எடுத்துக்கொள்வோம். முதலைத் தாடை, யானைத் துதிக்கை, மீனுடல், விரிந்த வால் என்பன அதன் பகுதிகள். தாடை முன்னால் நிற்பவனைக் கடிக்கும். கடிக்குமுன் தலை பின்வாங்கும். துதிக்கை நேர்கோட்டில் நீரைப் பீய்ச்சும். பீய்ச்சுமுன் மேலே உயரும். வால் பின்னால் நிற்பவனைச் சுழன்று அடிக்கும். அடிக்குமுன் இறகு விரியும். வால் உடைந்தால் சுழற்சி ஒழியும், செதில்கள் கிடைக்கும். தாடை உடைந்தால் கடியின் வலிமை பாதியாகும், பல் கிடைக்கும். துதிக்கைக்குத் தனிப் பரிசு வேண்டாம். ஏனெனில் எல்லா உறுப்பும் பரிசு தருமாயின், எங்கே குறிவைப்பது என்னும் தேர்வு விளையாடுபவரின் கையை விட்டுப் போய்விடும்.

மூன்றாவது வேலை: கடதாசிக் களம்

தாளில் 7க்கு 7 கட்டங்கள் கீறுங்கள். ஒரு கட்டத்துக்கு இரண்டரைச் சென்றிமீற்றர் போதும். தலை, உடல், வால் என மூன்று கட்டங்களை அடைக்கும் நீள அட்டை மகரம். ஒரு கட்டத்தை அடைக்கும் காய் வேட்டைக்காரன். ஒருவர் விலங்காகவும் மற்றவர் வேட்டைக்காரனாகவும் அமருங்கள்.

விலங்கின் ஆயுள் 60. தலையின் உறுதி 20, வாலின் உறுதி 15. உறுப்பில் விழும் அடி, ஆயுளிலும் உறுதியிலும் ஒருங்கே கழியும். வேட்டைக்காரனின் உயிர் 10. அறிகுறிச் சீட்டுகள் ஆறு: கடி 2, வாற்சுழற்சி 2, நீர்ப்பீய்ச்சல் 1, மூழ்குதல் 1.

1. சீட்டுகளைக் கலைத்து ஒன்றை எடுத்து, அறிகுறியை மட்டும் உரக்கச் சொல்லுங்கள்: “இறகு விரிகிறது.”

2. வேட்டைக்காரன் இரண்டு செயல் செய்யலாம். இரண்டு கட்டம் நகர்தல், அடுத்த கட்டத்திலுள்ள உறுப்பை அடித்தல், வாளைத் தீட்டுதல், மருந்தருந்தி 4 உயிர் மீட்டல் ஆகியவற்றுள் எவையேனும் இரண்டு. ஆனால் அடி ஒரு சுற்றுக்கு ஒன்றே.

3. அடியின் வலிமை, பகடையில் விழுந்த எண்ணும் ஆயுதபலமும் சேர்ந்தது. தொடக்க வாளின் பலம் 2. ஐந்து அடிக்குப்பின் வாள் மழுங்கும். தீட்டும்வரை ஒவ்வோர் அடியிலும் 2 குறையும்.

4. இப்போது விலங்கின் தாக்குதல் நிகழும். கடி, தலைக்கு அடுத்த கட்டங்களில் 4. சுழற்சி, வாலைச் சுற்றிய கட்டங்களில் 3. பீய்ச்சல், தலைக்கு முன் நேர்கோட்டில் 3. மூழ்குதல் சீட்டு வந்தால், அச்சுற்றின் தொடக்கத்திலிருந்தே அதனை அடிக்க முடியாது. அடுத்த சுற்றில் வேட்டைக்காரனுக்குப் பக்கத்தில் எழும்.

5. சுற்றின் முடிவில், விலங்கு தன் தலையை வேட்டைக்காரன் பக்கம் திருப்பும்.

6. வாலின் உறுதி தீர்ந்ததும் வாற்சுழற்சிச் சீட்டுகள் இரண்டையும் கட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். தலையின் உறுதி தீர்ந்தால் தாடை உடைந்ததாகக் கொண்டு, கடியின் வலிமையைப் பாதியாக்குங்கள்.

7. வேட்டைக்காரன் உயிர் தீர்ந்து மூன்றுமுறை மூர்ச்சையானால், அல்லது 20 சுற்றுகள் கடந்தால், வேட்டை தோல்வி. மான்ஸ்டர் ஹண்டரிலும் மூன்று மூர்ச்சையே வழக்கமான எல்லை. அது விளையாடுபவருக்குப் பிழை செய்ய உரிமையும் தருகிறது, அவ்வுரிமைக்கு அளவும் வைக்கிறது.

கணக்கு ஏன் இவ்வாறு அமைந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பகடையின் சராசரி மூன்றரை. வாளின் பலத்தோடு ஐந்தரை. 60ஐ ஐந்தரையால் வகுத்தால் ஏறத்தாழ 11 அடிகள். தீட்டவும் ஒதுங்கவும் மருந்தருந்தவும் ஆகும் சுற்றுகளைச் சேர்த்தால் 15 முதல் 18 வரை வரும். ஆகவே 20 என்னும் எல்லை இறுக்கமாக இருக்கும், அநியாயமாக இராது. ஆயுளை முதலில் மனம்போனபடி எழுதிவிட்டு, பிறகு அடியின் வலிமையைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டுவது வழக்கமான தவறு. வேட்டை எவ்வளவு நேரம் நீடிக்கவேண்டும் என்பதை முதலில் தீர்மானித்து, ஆயுளை அதிலிருந்து பெறுங்கள்.

நான்காவது வேலை: பட்டறை

கண்டி இராச்சியத்தில், பட்டல் ஹத்தர எனப்பட்ட நான்கு அரச பட்டறைகள் இருந்தன. வாளும் ஆபரணமும் அரசனுக்காக அங்கே ஆக்கப்பட்டன. அக்காலத்துக் கஸ்தானை வாளை நோக்குங்கள்: பிடியின் நுனி ஒரு விலங்கின் தலை, கைக்காப்பின் முனைகளிலும் சின்னஞ்சிறு விலங்குத் தலைகள். உங்கள் விளையாட்டின் ஆயுதத்துக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி இல்லை என்பேன். ஏனெனில், வாளைப் பார்த்த மாத்திரத்தில் அது எவ்விலங்கின் உறுப்பால் ஆயிற்று என்பது விளங்கிவிடவேண்டும்.

1. முதல் ஆயுதத்துக்கு மூன்று பொருள்களுக்கு மேல் கேளாதீர்கள். மகரப் பல் 2, வாற்செதில் 3, நார் 1 போதும்.

2. விலங்கிடமிருந்து கிட்டாத ஒரு பொருளாவது இருக்கட்டும். அதுவே விளையாடுபவரை ஊருக்குள்ளும் காட்டுக்குள்ளும் நடமாட வைக்கும். நாருக்கு ஹேனவலைக் கிராமத்தார் தும்பறைப் பாய் நெய்யும் ஹன நாரையும், மெருகுக்கு மாத்தளைப் பக்கத்து ஹப்புவிதையில் பெருவிரல் நகத்தால் இழைத்துப் பதிக்கும் அரக்கையும், காப்புக்கு நத்தரன்பொத்தைக் கலாபுரத்திலும் பிலிமத்தலாவை வீதியிலும் காணும் பித்தளை வேலையையும் மனத்திற் கொண்டு பொருள்களைச் சிருஷ்டியுங்கள். அக்கைவினைஞர் பணியைக் காணச் சென்றால், வேலைக்கு இடையூறின்றிக் கேட்டு, இயன்றதை வாங்கி வாருங்கள்.

3. புதிய வாளின் பலத்தை 2இலிருந்து 3ஆக மட்டும் உயர்த்துங்கள். சராசரி ஆறரையாகி, 11 அடிகள் பத்தாகக் குறையும். சிறிதாகத் தோன்றினும், விளையாடுபவர் இதற்குள் விலங்கின் அறிகுறிகளையும் கற்றிருப்பதால், அவர் உணரும் வேறுபாடு பெரிது.

அரிய பொருளைப் பற்றி ஒரு முக்கியமான எச்சரிக்கை. நூற்றுக்கு ஐந்து வீதம் கிடைக்கும் பொருள், 20 வேட்டைகளில் எப்படியும் ஒருமுறை கிடைத்துவிடும் என்று ஆக்குவோர் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், 20 வேட்டைகளுக்குப் பிறகும் நூறு பேரில் ஏறத்தாழ 36 பேர் வெறுங்கையோடுதான் நிற்பார்கள். அந்த 36 பேருடைய சலிப்பு உங்கள் பொறுப்பு. பரிகாரம் எளிது: ஒவ்வொரு வேட்டை முடிவிலும் ஒரு முத்திரை கொடுங்கள், எட்டு முத்திரைக்கு அப்பொருளை மாற்றிக்கொள்ளலாம் என்று விதி செய்யுங்கள்.

கணினிக்கு மாற்றும்போது

விளையாட்டை இயக்கும் கொடோ, முப்பரிமாண உருவம் வனையும் பிளெண்டர் ஆகிய இரண்டும் இலவசமாகக் கிடைக்கும் கருவிகள். தொடக்கநிலைக்கு அவையே போதும். மனிதர் கண்ணால் கண்டு கையை அசைக்க ஏறத்தாழக் கால் விநாடி செல்லும். ஆகவே அறிகுறிக்கும் தாக்குதலுக்கும் இடையே குறைந்தது அரை விநாடி, அதாவது விநாடிக்கு 60 சட்டகம் ஓடும் விளையாட்டில் 30 சட்டகம், கொடுங்கள். பெரிய தாக்குதலுக்கு ஒரு விநாடிக்கு மேலும் கொடுக்கலாம்.

அறிகுறியைக் கண்ணுக்கு மட்டுமன்றிச் செவிக்கும் தருவது நன்று. கண்டி மேளமாகிய கெட்ட பெரவின் அடிகளை அடிப்படையாகக் கொண்டு, கடிக்கு ஒன்றும் சுழற்சிக்கு ஒன்றுமாக வெவ்வேறு தாளம் அமைத்தால், திரைக்கு வெளியே நிற்கும் விலங்கின் கருத்தையும் விளையாடுபவர் அறிவார். ஆயினும் காது கேளாதவரும் விளையாடுவர்; செவிக்குத் தரும் எந்த அறிகுறியும் கண்ணுக்கும் தரப்படவேண்டும்.

*குறிப்பு:* கொடோவின் நான்காம் பதிப்பிலிருந்து தமிழ் எழுத்துகள் கொம்பும் காலும் இடம் மாறாமல் முறையாகத் தோன்றுகின்றன. பழைய பதிப்பில் தொடங்காதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. பொத்தான்களில் தாராளமாக இடம் விடுங்கள்.

அடிக்கடி நேரும் பிழைகள்

ஒரு விலங்கு முடியுமுன் பத்து விலங்குகளுக்குப் பெயர் சூட்டுவதே தலையாய பிழை. முயற்சிகள் பெரும்பாலும் நின்றுபோவது இங்கேதான். அடுத்தது, விலங்கைக் கடினமாக்க ஆயுளை மட்டும் கூட்டுவது. அதனால் வேட்டை நீளுமேயன்றிக் கடினமாகாது. கடினமாக்க வேண்டுமாயின், ஆயுள் 20க்குக் குறைந்ததும் விலங்கு சினங்கொண்டு ஒரு சுற்றில் இரண்டு சீட்டு எடுக்கும் என்று விதி செய்து பாருங்கள். வேட்டைக்காரனுக்குத் தொடக்கத்திலேயே பல ஆயுதங்களை வழங்குவதும் பிழையே. மான்ஸ்டர் ஹண்டரில் 14 வகை ஆயுதங்கள் உள்ளன, ஆனால் அவை பல்லாண்டுப் பதிப்புகளில் படிப்படியாகச் சேர்ந்தவை.

ஜாக்கிரதையாக இருக்கவேண்டியவை

1. *வழிபாட்டுக்குரியவை:* புத்தர் உருவம், தந்ததாது, தெய்வ உருவங்கள், பெரஹராவில் எழுந்தருளும் யானை ஆகியவற்றை வேட்டைப்பொருளாகவோ அலங்காரமாகவோ பயன்படுத்தாதீர்கள். தோரணத்தின் மகரத்தை அப்படியே பெயர்க்காமல், அதன் பொருத்தக் கலையை மட்டும் கற்று உங்கள் சொந்த விலங்கை ஆக்குங்கள்.

2. *உயிருள்ள விலங்குகள்:* சிறுத்தை, யானை போன்ற நிஜ விலங்குகளைக் கொல்லும் விளையாட்டு வேண்டாம். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நடைமுறையிலுள்ள நாடு இது. மலைநாட்டில் கண்ணியிற் சிக்கி மாளும் சிறுத்தைகளின் செய்தியைப் படிப்பவர் எவருக்கும் காரணம் விளங்கும். கற்பனை விலங்கையும், கொல்லாமல் பிடித்து விடுவிக்க ஒரு வழி வைப்பது நற்பண்பு.

3. *மின்னல்:* சித்திரை மாதத்தையும் ஐப்பசியையும் ஒட்டிய பருவங்களில் கண்டியில் பிற்பகல் இடிமழை வழக்கம். வானம் கறுத்தவுடனேயே, முழக்கம் தொடங்குமுன், வேலையைச் சேமித்து, கணினியின் மின்செருகியையும் இணையக் கம்பியையும் கழற்றிவிடுங்கள்; முழக்கம் கேட்டபின் அவற்றைத் தொடாதீர்கள். வேலையின் பிரதி ஒன்று எப்போதும் வேறோர் இடத்தில் இருக்கட்டும்.

4. *ஒளிச்சிமிட்டல்:* திரை ஒரு விநாடியில் மூன்று முறைக்கு மேல் பளிச்சிட்டு மின்ன விடாதீர்கள். வலிப்பு நோயுள்ளவர்களுக்கு அது அபாயம்.

5. *கண்ணும் கையும்:* 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஆறு மீற்றர் தூரத்திலுள்ள பொருளை 20 விநாடி நோக்குங்கள். அட்டை வெட்டும்போது இரும்பு அடிமட்டத்தை உபயோகியுங்கள். பிளேடை உடலை நோக்கி இழுக்காதீர்கள். சிறுவர்களிடம் கத்தரிக்கோல் மட்டும் கொடுங்கள்.

6. *ஆயுத மாதிரி:* அட்டையிலோ மென்மரத்திலோ செய்யும் வாளை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடிகள் உள்ள தலதா வீதிப் பக்கம் அதைக் கொண்டுசெல்வது வீண் இடர்.

அடுத்த அத்தியாயத்துக்கு முன்

இத்துறையில் பழக்கமில்லாத இருவரை அழைத்து, விதிகளை ஒருமுறை மட்டும் சொல்லி, கடதாசிக் களத்தில் மூன்று வேட்டைகள் ஆடவிடுங்கள். அவர்கள் ஆடும்போது நீங்கள் குறுக்கே பேசக்கூடாது. எங்கே தயங்குகிறார்கள், எந்த அறிகுறியைத் தவறாக உணர்கிறார்கள் என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது வேட்டையின் முடிவில், அவர்களாகவே நான்காவதைக் கேட்டால் எட்டாம் அத்தியாயத்தைத் திறக்கலாம். கேளாவிட்டால் இரண்டாவது வேலைக்குத் திரும்பி, விலங்கின் சரீரத்தை மீண்டும் வகுத்துக்கொண்டு வாருங்கள்.